மாப்பிள்ளை கொடுத்த போன்ல ஓட்டை இல்லை

தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க போன்ல தொங்குதே அந்தக் குட்டி ஒயரு, அத என்ன வெலைக்கு வாங்குனீங்க? எரநூத்தம்பதா? போச்சு போங்க. நல்லா ஏமாத்திட்டாய்ங்க உங்கள. இந்தா, என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. கையில வாங்கிப் பாருங்க, பரவாயில்ல. இது நூத்தி இருவது. அதுவும் நான் பேசிக் குறைச்சது இல்ல, அந்தப் பொண்ணு தானாச் சொன்ன வெல. உங்களுதுல ரேடியோ எடுக்குமா? எடுக்காது. என்னுதுல எடுக்கும். இந்தக் கன்வெர்ட்டர் விசயத்துல மதுரையில என்னைய விட வெவரம் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருக்காருன்னா அது பர்வீன் மட்டுந்தான். அவ யாருன்னு சொல்றேன்.

ஒரு நிமிசம் இருங்க. ஒரு நம்பரு அடிச்சுப் பாத்துக்கிறேன். பிஸி. பதினோரு மணிக்கு மேல இப்படித்தான் இருக்கும், அடிச்சுக்கிட்டே இருக்கணும். நீங்க எங்க எறங்கணும்? தேனியா? அப்ப நேரம் கெடக்கு. நான் உசிலம்பட்டி.

எம்பேரு சோலைமலை. செல்லூர்ல வீடு. டவுன்ல ஒரு ஜவுளிக்கடையில வண்டி பார்க்கிங் பாக்குறேன். டோக்கன் கொடுக்குறது, ஸ்கூட்டிய நேரா நிப்பாட்டுறது, தீவாளி சமயத்துல எல்லார்கிட்டயும் திட்டு வாங்குறது. அதான் இந்தச் சட்டை, இந்த விசிலு. கழட்ட மறந்துட்டு அப்படியே பஸ் ஏறிட்டேன். ஏன்னு சொல்றேன், எல்லாஞ் சொல்றேன்.

எம் பொண்டாட்டி பேரு சொர்ணம். ஒரே மக சுகன்யா, உசிலம்பட்டியில கட்டிக் கொடுத்திருக்கோம். இப்ப ரெண்டாவது பிரசவம். மொதப் பிரசவம் நம்ம வீட்டுலதான் பாத்தோம். இந்தத் தடவ டாக்டரு, இந்தப் புள்ளைய பஸ்ல ஏத்தி அலைக்கழிக்காதீங்க, இங்கனயே இருக்கட்டும்னு சொல்லிட்டாரு. அதனால சொர்ணம் அங்க போயி மூணு மாசம் இருக்குறதுன்னு ஏற்பாடு. சம்பந்தியம்மாவே மதுரைக்கு வந்து கூட்டிட்டுப் போனாங்க. அம்புட்டு மரியாதையான குடும்பம்.

வழியனுப்ப ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்க ஒரே ஒரு வார்த்த சொன்னேன் சார். தமாஷுக்குச் சொன்னது. சம்பந்தியம்மாகிட்ட, "கூட்டிட்டுப் போங்க, மெதுவா அனுப்புங்க, மூணு மாசம் எங்காதுக்கு ரெஸ்டு"ன்னேன். சம்பந்தியம்மா சிரிச்சாங்க. கண்டக்டரு சிரிச்சாரு. பின் சீட்டுல இருந்த ஒரு ஆளு கூடச் சிரிச்சாரு. இவ மட்டும் சிரிக்கல. ஜன்னல் வழியா தண்ணி பாட்டில நீட்டுறேன், வாங்க மாட்டேங்குறா. சம்பந்தியம்மா பக்கம் திரும்பி, "எனக்குத் தாகம் இல்லன்னு அவருகிட்டச் சொல்லுங்க"ங்குறா. நான் ரெண்டடி தூரத்துல நிக்கிறேன் சார்.

நீங்களே சொல்லுங்க, இதுல என்ன தப்பு? கண்டக்டரே சிரிச்சாரு.

எங்க வீட்டுல சண்டைன்னா நேரா பேசிக்க மாட்டோம். உங்க வீட்டுலயும் அப்படித்தான? எல்லா வீட்டுலயும் உள்ளதுதான். மக சின்னப் புள்ளையா இருந்தப்ப மக வழியாப் பேசிக்குவோம். "ஏண்டி, உங்கப்பாவச் சோறு திங்க வரச் சொல்லு." "உங்கம்மாகிட்டச் சொல்லு, எனக்குப் பசிக்கல." அந்தப் புள்ள நடுவுல உக்காந்து பரிச்சைக்குப் படிச்சுக்கிட்டே ரெண்டு பக்கமும் தகவல் சொல்லும். அது கல்யாணமாகிப் போனப்பறம் ஆளு இல்ல. அடுப்படியில ஒரு முருகர் காலண்டர் தொங்கும், அதுகிட்டப் பேச ஆரம்பிச்சா. "முருகா, சில பேருக்கு ஈரத் துண்டக் கட்டில்ல போடாம இருக்கத் தெரியாது." நானும் முருகருக்குத்தான் பதில் சொல்லுவேன். கொஞ்ச நாள் அப்படி ஓடுச்சு. அப்பறம் அவ ரேடியோவக் கண்டுபிடிச்சா.

மதுரை லோக்கல் எஃப்எம்ல காலையில பதினொண்ணுல இருந்து பன்னெண்டு வரைக்கும் ஒரு நிகழ்ச்சி வருது, 'பாட்டோட ஒரு வார்த்தை'ன்னு. யாழினின்னு ஒரு பொண்ணு நடத்துது. நாம போன் பண்ணி, யாருக்காச்சும் ஒரு வார்த்த சொல்லி ஒரு பாட்டுக் கேக்கலாம். சொர்ணம் அதுல பெரிய ஆளு. 'செல்லூர் சொர்ணம்மா'ன்னா அந்தப் பொண்ணுக்கு அம்புட்டு பிரியம். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, கேக்காமக் கொள்ளாம அவ தையல் மிஷினை நான் வித்துப்புட்டேன்னு ஒரு சண்ட. பத்து நாள் பேச்சு இல்ல. பதினோராம் நாளு நான் பார்க்கிங்ல நிக்கிறேன், பட்டன் போன்ல ஒத்தக் காதுல ஹெட்செட் மாட்டி ரேடியோ கேட்டுக்கிட்டு. இவ குரலு வருது. "எங்க வீட்டுக்காரருக்கு இந்தப் பாட்டு யாழினிம்மா. அவரு பிரஷர் மாத்திரை டிவிக்குப் பின்னாடி இருக்கு. வீடெல்லாம் தேடவேணாம்னு சொல்லிருங்க."

அம்புட்டுத்தான். அதுக்கு மேல என்ன சார் வேணும்? சாயங்காலம் போகும்போது அரைக் கிலோ நண்டு வாங்கிட்டுப் போனேன். அவ ஒண்ணும் பேசாம வாங்கிக் கழுவுனா. நானும் ஒண்ணும் பேசாம வெங்காயம் உரிச்சேன். சண்ட முடிஞ்சது. அதுல இருந்து இதான் எங்க வழக்கம். எப்பவும் அவதான் மொதல்ல பேசுவா, ரேடியோவுல. நான் இறங்கிப் போக மாட்டேன். அது எங்க குடும்பத்துலயே கெடையாது.

இருங்க, இன்னொரு வாட்டி அடிக்கிறேன். பிஸிதான். காளவாசல் தாண்டிருச்சா? சரி.

இந்தத் தடவையும் ரேடியோவுல வருவான்னு தெரியும். காத்துக்கிட்டு இருந்தேன். ஆனா அவ ஊருக்குப் போன மூணாம் நாளு, ஒரு வண்டிய இழுத்து நிப்பாட்டக் குனிஞ்சேன் பாருங்க, சட்டைப் பையில இருந்த போனு கீழ விழுந்துருச்சு. பின்னாடி ஒரு பொண்ணு ஸ்கூட்டியில ஏத்திட்டா. பட்டனெல்லாம் தனியா, டப்பா தனியா. அந்தப் பொண்ணு "சாரிண்ணே"ன்னு சொல்லிட்டுச் சேலை எடுக்க உள்ள போயிருச்சு.

விசயம் மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சு, ஞாயித்துக்கெழம நேருல வந்துட்டாரு. அவரு புதுசு வாங்கிட்டாராம், தான் வச்சிருந்த பெரிய போன என் கையில கொடுத்து, "வச்சுக்கங்க மாமா, நல்ல போனு"ன்னாரு. சார், மாப்பிள்ளைக்கு நாமதான் செய்யணும். மோதிரமோ வாட்சோ நாமதான் போடணும். மாப்பிள்ளை மாமனாருக்குச் செய்யிறதுன்னா எனக்கு வெக்கம் பிடுங்கித் திங்குது. ரெண்டு கையால வாங்கிக்கிட்டேன். அவரு போனப்பறம் ஹெட்செட் எடுத்து மாட்டலாம்னு பாக்குறேன், மேல பாத்தேன், கீழ பாத்தேன், பக்கவாட்டுல பாத்தேன். ஓட்டையே இல்ல. சார்ஜர் சொருகுற ஓட்டை ஒண்ணுதான் இருக்கு.

ரேடியோவ அமுக்குனா, ஹெட்செட்ட மாட்டுங்கன்னு எழுதிக் காட்டுது. மாட்டத்தான ஓட்டை இல்ல?

அதுக்காக மாப்பிள்ளைகிட்டப் போயி, நீங்க கொடுத்த போன்ல ஓட்டை இல்லன்னு சொல்ல முடியுமா? கொடுத்ததுல குறை சொல்றான் பாரு, இன்னும் ஒண்ணு வாங்கிக் கொடுன்னு கேக்குறான் பாருன்னு ஆயிராதா? சம்பந்தி வீட்டுல எம்மானம் என்னாகுறது? மககிட்டச் சொன்னாலும் அது நேரா அவருகிட்டப் போகும். அதனால யாருகிட்டயும் மூச்சு விடல. சார்ஜர் ஓட்டையில ஹெட்செட்ட மாட்ட வைக்கிற கன்வெர்ட்டர் ஒண்ண நாமளே வாங்கிக்கிட்டா முடிஞ்சுது.

பெரியார் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிளாட்பாரத்துல ஒரு ஆளு குடையைக் கவுத்துப் போட்டு அதுல கொட்டி வச்சிருந்தாரு. வெள்ளையா, கறுப்பா, குட்டி குட்டியா. "எதுக்கு சார்?"ன்னாரு. ரேடியோன்னு சொன்னா, எந்த நிகழ்ச்சி, என்ன ஏதுன்னு பேச்சு வளரும். பொண்டாட்டி பேசுவாளான்னு காத்துக் கெடக்குற ஆளுன்னு தெரிஞ்சு போகும். "பாட்டுக் கேக்கத்தான்"னேன். மாட்டிக் காட்டுனாரு. பாட்டு கணீர்னு கேட்டுச்சு. வாங்கிட்டு வந்து மறுநாள் பதினோரு மணிக்கு ரேடியோவ அமுக்குறேன், ஹெட்செட்ட மாட்டுங்கங்குது. மாட்டித்தான்யா இருக்கேன்.

அந்த வாரந்தான் மக போன் பண்ணுச்சு. "அப்பா, அம்மா ரேடியோவுல பேசுனாங்களே, கேட்டீங்களா?"ன்னுச்சு. பேசிட்டாளா? கேக்கலன்னு சொன்னா ஏன்னு கேக்கும். ஏன்னு சொல்லப்போனா ஓட்டை விசயம் வெளிய வரும். "கேட்டேன்"னேன். "கேட்டுட்டு?"ன்னுச்சு. "கேட்டுட்டு என்ன? கேட்டேன்"னேன். நல்லா சமாளிச்சேன்ல? அதுக்கு மேல அது ஒண்ணும் கேக்கல.

ஆனா அன்னைக்கு இருந்து எனக்கு நெலகொள்ளல சார். என்ன சொன்னாளோ? எந்தப் பாட்டுப் போட்டாளோ? டோக்கன மாத்தி மாத்திக் கொடுக்குறேன். டீச்சரம்மா வண்டிக்குப் போலீஸ்காரரு டோக்கன். ஒரே ரகளை.

ரெண்டாவது ஒண்ணு, பெரிய கடையில வாங்குனேன். கண்ணாடிக் கதவு, ஏசி. அங்கயும் "எதுக்கு சார்?" அங்கயும் "பாட்டுக் கேக்க". அட்டைப் பெட்டியில போட்டு, துணி மாதிரி ஒயரு சுத்துன ஒண்ண எடுத்துக் கொடுத்தாய்ங்க. பாட்டு இன்னும் அருமையாக் கேட்டுச்சு. ரேடியோ எடுக்கல. மூணாவது ஒண்ணு, சார்ஜும் ஏத்திக்கிட்டுப் பாட்டும் கேக்கலாம்னு ரெண்டு வாயி வச்சது. அதுலயும் எடுக்கல. மொத்தமா எம்புட்டு ஆச்சுன்னு கேக்காதீங்க. கட்டுப்படியாகுறதா ஒண்ணு தேடித்தான சார் அலைஞ்சேன்?

இதுக்குள்ள செல்லூர்ல ஜனங்க போக்கே மாறிப்போச்சு. எங்க தெரு முக்குல ஜெயசீலன்னு ஒருத்தரு டீக்கடை வச்சிருக்காரு. கடையில எந்நேரமும் ரேடியோ ஓடும். ஒரு நாளு என்னையப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே, "என்னண்ணே, புளிக்குழம்பு சாப்பிட்டாச்சா?"ன்னாரு. பொண்டாட்டி ஊருல இல்ல, மெஸ்ல சாப்பிடுற ஆளு, அவனப் போயி இப்படி நக்கலடிக்கலாமா? "அது எதுக்குய்யா உனக்கு?"ன்னு கேட்டுட்டு வந்துட்டேன். ரெண்டு நாள் கழிச்சுச் சிரிக்கல. அதுக்கப்பறம் டீ கிளாஸ டொக்குன்னு வைக்க ஆரம்பிச்சாரு. மாடி வீட்டு ராஜாத்தியக்கா என்னையப் பாத்து, "ஆம்பளைக்கு அம்புட்டு வீம்பு ஆகாது தம்பி"ன்னு சொல்லிட்டுப் போகுது. மோட்டார் போடுற தகராறுல அதுக்கு என் மேல ஒரு கடுப்பு உண்டு. எங்க கடையில சேலை செக்சன் பொண்ணுங்க கூட என்னையப் பாத்துக் குசுகுசுன்னு பேசிக்கிட்டாளுக. பெரிய போன் வச்சிருக்கேன்ல, பொறாம.

இந்தப் புளிக்குழம்புன்னதும் ஞாபகம் வருது. ஒரு நாளு ஃப்ரிட்ஜத் தொறந்தா நாத்தம் கொடலப் பிடுங்குது. மேல் தட்டுல ஒரு டப்பா நெறைய புளிக்குழம்பு, பூஞ்சை பூத்துப் போயி. ஊருக்குப் போறவ ஒரு வார்த்த சொல்லிட்டுப் போக வேணாமா? திட்டிக்கிட்டே கொண்டு போயிக் கீழ ஊத்துனேன்.

இருங்க. அடிச்சுப் பாப்போம். ம்ஹூம். நாகமலை வந்துருச்சா? இந்தப் பொண்ணு பன்னெண்டுக்கு முடிச்சுரும் சார். அதுக்குள்ள கெடைக்கணும்.

பர்வீனுக்கு வாரேன். மகால் பக்கம் ஒரு சந்துக்குள்ள சின்னக் கடை, போன் ரிப்பேரு. முப்பது வயசு இருக்கும். கண்ணுல ஒரு லென்ஸு மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கும். அதுகிட்ட மூணு கன்வெர்ட்டரையும் மேசையில வச்சேன். "மூணும் ரிப்பேரும்மா"ன்னேன். ஒண்ணொண்ணா மாட்டிப் பாத்துச்சு. "மூணும் நல்லாப் பாடுதேண்ணே"ன்னுச்சு. "இல்லம்மா, ரிப்பேரு"ங்குறேன். "என்ன ரிப்பேரு?" எப்படிச் சொல்றது? எனக்குப் பின்னாடி நாலு பேரு நிக்கிறாங்க. "அண்ணே, டாக்டர்கிட்ட வந்துட்டு வலிக்கிற எடத்தச் சொல்ல மாட்டேன்னா நான் எப்படிண்ணே பாக்குறது?"ன்னுச்சு. குனிஞ்சு மெதுவா, "ரேடியோ"ன்னேன்.

பொண்ணு சிரிச்சிருச்சு. அப்பறம் எனக்குப் புரியிற மாதிரி சொல்லுச்சு. ரேடியோவுக்கு ஹெட்செட் ஒயருதான் ஏரியலாம். இந்த வெல கூடுன கன்வெர்ட்டருக்குள்ளயெல்லாம் ஒரு பொடி சிப்பு இருக்காம். பாட்ட அதுவே மாத்திக் கொடுத்துரும், ஆனா ஏரியல உள்ள விடாதாம். என் போனுக்குச் சிப்பு இல்லாத சாதா ஒயரே போதுமாம். "மொதல்லயே ரேடியோன்னு சொல்லியிருந்தா யாரா இருந்தாலும் இதத்தாண்ணே கொடுத்திருப்பாங்க"ன்னுச்சு. ஒரு சின்ன ரேடியோ வாங்கிக்கலாமேன்னும் சொல்லுச்சு. மாப்பிள்ளை கொடுத்த போன வச்சுக்கிட்டுத் தனியா ரேடியோ வாங்குனா என்ன நெனப்பாருன்னேன். அது என்னைய ஒரு மாதிரியாப் பாத்துட்டு, டிராயர்ல இருந்து இந்த ஒயர எடுத்து மாட்டுச்சு. கொரகொரன்னு ஒரு சத்தம், அப்பறம் ஒரு வெளம்பரம். சார், அந்த வெளம்பரத்தக் கேட்டு எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஊதுபத்தி வெளம்பரம்.

அது முந்தாநேத்து. நேத்துப் பதினோரு மணிக்குப் பார்க்கிங்ல தயாரா நிக்கிறேன். ஒத்தக் காதுல மாட்டியாச்சு. மூணு பேரு பேசுனாங்க. நாலாவதா யாழினி, "செல்லூர் சொர்ணம்மா, வாங்க"ன்னுச்சு. ஜெயிச்சுட்டோம்டா சோலைமலைன்னு நெனச்சேன்.

அவ சொன்னா, "எனக்கு இன்னைக்குப் பாட்டு வேணாம்மா. நாலு வாட்டி பேசிட்டேன். எல்லாத்தையும் அவரு கேட்டுட்டுத்தான் இருக்காரு. எம்மக கேட்டதுக்கு, கேட்டேன், கேட்டுட்டு என்னன்னு சொன்னாராம். முப்பத்தோரு வருசம்மா. சரி, அவரு நிம்மதியா இருக்கட்டும். கொழந்த பொறந்தப்பறமும் நான் இங்கயே மகளுக்கு ஒத்தாசையா இருந்துக்கிறேன். இனிமே நான் இந்த நம்பருக்குப் பேச மாட்டேன்"னா. குரலு தழுதழுக்கல சார் அவளுக்கு. அழுதிருந்தாக்கூடப் பரவாயில்ல. கடைக்காரன்கிட்ட, இந்த ரகம் வேணாம், எடுத்து வச்சுருங்கன்னு சொல்ற மாதிரி சொன்னா.

ஒரு அம்மா டோக்கன நீட்டிக்கிட்டு நிக்கிது. வண்டிய எடுத்துக் கொடுக்கணும். எந்த வண்டின்னு எனக்குத் தெரியல.

உடனே அவளுக்குப் போன் போட்டேன். ஆமா சார், நானாத்தான் போட்டேன், நாப்பது நாளுல மொதத் தடவ. மக எடுத்துச்சு. "அம்மா தூங்குறாங்கப்பா"ங்குது. பின்னாடி, "நான் இல்லன்னு சொல்லு"ன்னு சத்தம். தூங்குறவ பேசுற பேச்சா அது?

சாயங்காலம் நேரா ஜெயசீலன் கடைக்குப் போனேன். போயி, "ஜெயசீலா, எம் பொண்டாட்டி ரேடியோவுல என்னய்யா சொன்னா?"ன்னு கேட்டேன். அவரு வடிகட்டிய அப்படியே பிடிச்சுக்கிட்டு என்னையப் பாக்குறாரு. "நீங்க கேக்கவே இல்லையாண்ணே?"ன்னாரு. "இல்லைய்யா"ன்னேன். என்னைய உக்கார வச்சாரு. இவ பேசுனான்னா கடையே சத்தத்தக் கூட்டி வச்சுக் கேக்குமாம். எல்லாருக்கும் மனப்பாடம். மொத வாட்டி, ஃப்ரிட்ஜுல மேல் தட்டுல புளிக்குழம்பு வச்சிருக்கேன், மெஸ் சாப்பாடு அவருக்கு ஒத்துக்காது, ஒரு வாரம் வச்சுச் சாப்பிடச் சொல்லுங்கன்னாளாம். ரெண்டாவது வாட்டி, பிரஷர் மாத்திரை தீர்ந்துருக்கும், சீட்டு எங்க இருக்குன்னு சொன்னாளாம். மூணாவது வாட்டி, ஒரு போன் பண்ணச் சொல்லுங்கன்னாளாம். நாலாவது வாட்டி என்ன சொன்னான்னு கேட்டேன். ஜெயசீலன் ரேடியோ சத்தத்தக் குறைச்சாரு. அப்பறம், "எனக்கும் இங்க காதுக்கு ரெஸ்டாத்தான் இருக்கு, ஆனா எனக்கு அது பிடிக்கலன்னு அவருகிட்டச் சொல்லுங்கன்னு சொன்னாங்கண்ணே"ன்னாரு.

டீய அப்படியே வச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

பாவி, நான் அந்தக் குழம்பக் கீழ ஊத்திட்டேன் சார்.

ராத்திரி பூரா யோசிச்சேன். போன எடுக்க மாட்டா. நேருல போனா, மக வீட்டுல, சம்பந்தியம்மா இருக்குற எடத்துல, ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்குவா. நான் கூடத்துல காபியக் குடிச்சுட்டுத் திரும்பி வரணும். ஆனா அவ ரேடியோவுல பேசமாட்டேன்னுதான சொன்னா, கேக்க மாட்டேன்னு சொல்லலையே? பதினோரு மணிக்கு அந்த நிகழ்ச்சியக் கேக்காம அவளால இருக்க முடியாது. ஒல வச்சுக்கிட்டே கேப்பா. அதான் இன்னைக்குக் காலையில டியூட்டிக்குப் போயிட்டு நிக்க முடியாம, டோக்கன் கட்ட வாட்ச்மேன் கையில கொடுத்துட்டு பஸ் ஏறிட்டேன். போய்ச் சேருறதுக்குள்ள நான் பேசிரணும். அப்பத்தான் அவ கதவத் தொறப்பா.

அடிக்கிறேன் இருங்க. சார், ரிங்கு போகுது. ரிங்கு போகுது சார்.

அலோ. வணக்கம்மா. சோலைமலைம்மா, செல்லூர். ஆமா. அந்தச் சோலைமலைதான். சொர்ணத்தோட வீட்டுக்காரரு.

சார், அந்தப் பொண்ணு திட்டுது. இருங்க.

ஆமாம்மா. ஆமாம்மா. நீங்க கோவிக்கிறது நாயந்தான். ஆனா நான் கேக்கலம்மா. கேட்டேன்னு மககிட்டச் சொன்னது பொய்யி. ஒரு நாளு கூட நான் கேக்கல. நேத்து சொன்னது ஒண்ணுதான் கேட்டேன். ஏன்னா, மாப்பிள்ளை கொடுத்த போன்ல ஓட்டை இல்லம்மா. ஹெட்செட் மாட்டுற ஓட்டை. நீங்க சிரிக்கிறீங்க. அத மாப்பிள்ளைகிட்ட எப்படிம்மா சொல்றது? வாய்ப்பாடு மாதிரி எல்லார்கிட்டயும் பாட்டுக் கேக்க, பாட்டுக் கேக்கன்னு சொல்லி மூணு ஒயரு தப்பா வாங்கிட்டேன். மாப்பிள்ளை, நீங்க கேட்டுக்கிட்டு இருந்தா தப்பா நெனைக்காதீங்க. போனு நல்ல போனு. போட்டோவெல்லாம் பளிச்சுன்னு விழுகுது.

அவளுக்கா? அவளுக்கு என்ன சொல்றதுன்னா, அந்தப் புளிக்குழம்பு கெட்டுப் போச்சு, கீழ ஊத்திட்டேன், அத மொதல்ல சொல்லிருங்க. பின்னாடி தெரிஞ்சா அதுக்கு வேற சண்ட வரும். மாத்திரை வாங்கிட்டேன். பஸ் ஸ்டாண்டுல ஒரு வார்த்த சொன்னேன், அத வாபஸ் வாங்கிக்கிறேன். தமாஷுக்குத்தான் சொன்னேன்னு சொல்லல. சொல்லியிருக்கக் கூடாது. நாலு பேரு சிரிக்கணும்னு நெனச்சேன், அவ மொகத்தப் பாக்கல. வீட்டுல ஒரு சத்தமும் இல்லம்மா. முருகரும் நானும் மாறி மாறிப் பாத்துக்கிட்டு இருக்கோம். புள்ளப்பேறு முடியட்டும், அவ இருக்குற வரைக்கும் இருக்கட்டும். ஆனா இங்கயே இருந்துக்கிறேன்னு மட்டும் சொல்ல வேணாம்னு சொல்லுங்க.

பாட்டா? எதாச்சும் போடுங்கம்மா. அவளுக்குப் பிடிச்சது உங்களுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது. நன்றிம்மா.

வச்சிருச்சு. ஒயர மாட்டி ரேடியோவ அமுக்கிட்டேன், பாட்டுப் போடுது, கேக்குது. சார், ஏன் எல்லாரும் திரும்பி என்னையவே பாக்குறாங்க? சத்தமாப் பேசிட்டேனா? கண்டக்டரு, நீங்க டிக்கெட்டக் கிழிங்க, நான் வாங்கியாச்சு. அந்தம்மா எதுக்குக் கண்ணத் தொடைக்குது? சரி விடுங்க. நான் ஒண்ணும் பெருசா எறங்கிப் போயிடல. நடந்ததச் சொன்னேன், அம்புட்டுத்தான். இனி அவ இஷ்டம். கேட்டிருந்தாக் கேட்டிருப்பா. கொழாயடிக்குப் போயிருந்தா அதுக்கும் நான் என்ன செய்யிறது? ஒரு மணி நேரத்துல ஒரு நிமிசம் பேசியிருக்கேன், அந்த ஒரு நிமிசம் பாத்து மிக்ஸியப் போட்டிருந்தான்னா?

இந்தப் பாட்டு அவளுக்குப் பிடிக்குமா சார்? முப்பத்தோரு வருசமா இதக்கூடக் கேட்டு வச்சுக்கல பாருங்க.

நின்னுருச்சே. பாட்டு ஏன் பாதியில நின்னுருச்சு? இந்த ஒயரும் போச்சா? இல்ல, போன் வருது. சார், கண்ணாடி எடுத்துட்டு வரல. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க, யாரு பேரு போட்டிருக்கு?

நல்லாப் பாத்தீங்களா? சொர்ணந்தான?

பாத்துக்கங்க சார். நீங்கதான் சாட்சி. மொதல்ல போன் பண்ணது அவதான். நாளப் பின்ன யாராச்சும் கேட்டா நீங்க சொல்லணும்.

அலோ.

ம். நாந்தான்.

ம்.

செக்கானூரணி தாண்டியாச்சு.

இல்ல. இன்னும் சாப்பிடல.